துண்டும் சாட்சியமும்

மலைநாட்டு நாட்டார் பாடல்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே சொல்லையே எடுத்தாளுகின்றனர்: சோகம். சி. வி. வேலுப்பிள்ளை திரட்டித் தந்த பாடல்களையும் அச்சொல்லுக்குள்ளேயே அடைத்துவிடுகின்றனர். நமக்கு இதில் உடன்பாடில்லை. கங்காணியின் அடியையும் அரைப்பேரையும் பாடும் வாய் அழுகின்றது. ஆனால், குற்றமும் சாட்டுகின்றது.

துண்டு முறையை அறிந்தாலன்றி அக்குற்றம் விளங்காது. தொழிலாளி வேறு தோட்டம் போவதானால், அவன் பட்டதாகக் கங்காணி சொல்லும் கடன் தீர வேண்டும். இன்ன தொகை கிடைத்தால் இவ்வாட்களை விடுவிப்போம் என்று துரை எழுதித் தரும் சீட்டே துண்டு. அதனுடன் கங்காணி தோட்டந்தோட்டமாக விலை பேசுவான். கூடுதலாகக் கிடைத்தது அவன் மடியில் தங்கும். கடனோ தொழிலாளி தலையில் ஏறும். அவனுக்கு அச்சீட்டை வாசிக்கவும் தெரியாது. வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் நாளொன்றுக்கு இத்தனை சதமென்று கங்காணிக்குத் தலைக்காசு கொடுத்தது யார்? தோட்ட நிர்வாகமன்றோ! கங்காணியின் பேராசை என்று நம் கதாசிரியர் பலர் முடித்துவிடுவது பாதி உண்மைதான். ஊழலுக்குக் கூலி கொடுத்தவர் பங்களாவில் இருந்தார்.

1921இல் சட்டம் துண்டை ஒழித்தது. கடன் உடனே ஒழிந்துவிடவில்லை. 1931இல் அட்டனில் தொழிலாளர் சம்மேளனம் கண்ட கோ. நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் நூலும் பாட்டுமாக மக்களிடம் சென்றனர். அவர்கள் சோகத்தை அல்ல, உரிமையைப் பாடினர்.

இப்பாடல்களை நாம் வகுப்பில் நடத்தியபோது ஒரு மாணவி கேட்டாள்: "சேர், அந்தக் கங்காணிமேல் வழக்குப் போட ஏலாதா?"

அன்று தடுமாறினோம். 1954ஆம் ஆண்டின் இலஞ்சச் சட்டம் பெரும்பாலும் அரச ஊழியரையும் மக்கள் பிரதிநிதிகளையுமே நோக்கியது. 1992 முதல் தோட்டங்களை நடத்துவன கம்பெனிகள். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டமோ தனியார் துறை இலஞ்சத்தையும் குற்றமாக்கியது. பாலியல் இணக்கம் கேட்பதும் இலஞ்சமே என்றது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இது சிறிய செய்தியன்று. இலகுவான வேலை தருவதாக ஒருவன் கை நீட்டினால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு எழுதலாம், தமிழிலேயே எழுதலாம். முறையிடுவோருக்குப் பாதுகாப்பும் அச்சட்டத்தில் உண்டு. ஏட்டிலுள்ள பாதுகாப்பு லயத்துக்கு வந்து சேருமா என்பது வேறு கேள்வி. தனியாக எழுதுவதைவிடச் சங்கத்தோடு எழுதுவதே நல்லது என்று அவளிடம் சொன்னோம்.

மறுவாரம் அவள் தன் பாட்டியிடம் கேட்டு ஒரு பாடலை எழுதிவந்தாள். அதில் கங்காணியின் பேரும் தோட்டத்தின் பேரும் இருந்தன.