பலூன் தட்டிமுன் ஒரு பாடம்

ஊரூர் ஆல்காட் குப்பத்திலிருந்து மணலோரமாகத் தெற்கே நடந்தால் எலியட்ஸ் கடற்கரை. கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபம் நிற்கும் கடற்கரை அது. சாயங்காலமானால் பலூன் சுடும் கடைக்காரர் தட்டியை நிறுத்திவிடுவார். பேரப்பிள்ளையின் முதல் துப்பாக்கி பெரும்பாலும் இங்கேதான் கைக்கு வருகிறது.

அந்த ஏர் கன்னைப் பக்கத்தில் பார்க்க வேண்டும். கன்னம் பட்டுப் பட்டு வழுவழுத்துப்போன கட்டை. குழலை மடக்கினால் உள்ளே சுருள்வில் இறுகும். இடுப்பு ஒடுங்கிய சின்ன ஈயக் குண்டைக் கட்டைவிரலால் அழுத்தி, குழலை நிமிர்த்த வேண்டும். விசையை இழுத்ததும் வில் விரிந்து, உந்துதண்டு காற்றை நெருக்கிக் குண்டைத் தள்ளுகிறது. வெடிமருந்தே கிடையாது.

"விரலை வெளியவே வை கண்ணு. குழல் தட்டியைத்தான் பாக்கணும், யாரையும் பாக்கக் கூடாது" என்கிறார் தாத்தா. முதல் பாடம் அதுதான், குறி அதற்கப்புறம்.

கட்டை நீளமாக இருந்தால் பிள்ளையின் கழுத்து நீண்டு, குறி தவறும். கனமாக இருந்தால் கை நடுங்கும். வீட்டுக்கென்று வாங்குகிறவர்களும் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டையும்தான். வேகமும் பளபளப்பும் பிறகு.

கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் ஏந்தியதும் காற்றுத் துப்பாக்கிதான். அங்கே தூரம் 10 மீட்டர், குண்டு 4.5 மி.மீ., பத்துப் புள்ளிக்கான நடுப்பொட்டு வெறும் அரை மில்லிமீட்டர்!

இங்கே கடற்காற்றில் பலூன் ஆடுகிறது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்துகிறாள் பேத்தி. டப்!

"இன்னொண்ணு தாத்தா."