டிஜிகேம்: பெயரும் தேதியும் படத்தோடே வரட்டும்

2016-இல் கூகுள் பிக்காசாவைக் கைவிட்டபோது படங்கள் பத்திரமாக இருந்தன. முகம் முகமாக எழுதிவைத்த பெயர்கள்தான் பலருக்குப் பிக்காசாவின் குறிப்புக் கோப்போடு நின்றுபோயின. அதனால் எந்தப் பட மென்பொருளையும் நான் கேட்கும் முதல் கேள்வி: நாளை உன்னை விட்டுப் போனால் படத்தோடு என்னென்ன வரும்?

சோதனைக்கு எடுத்தது புதுச்சேரி குருசுக்குப்பம் வீட்டுப் படங்கள்: பழைய ஸ்டூடியோ படங்களின் ஸ்கேன், செல்போன் படங்கள், வைத்திக்குப்பம் மாசிமகத் தீர்த்தவாரி முடிந்ததும் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப்பில் தள்ளியவை.

கூகுள் போட்டோஸில் தேடுவது சுலபம். ஆனால் 2021 ஜூன் முதல் புதிதாக ஏற்றும் படங்களும் 15 ஜிபி இலவச இடத்தில்தான் அடங்கவேண்டும். ஜிமெயிலுக்கும் அதே இடம்தான். மொத்தமாக இறக்கினால், அங்கே நாம் எழுதிய குறிப்பும் திருத்திய தேதியும் தனி ஜேசன் கோப்பாக வருகின்றன. லைட்ரூம் கிளாசிக் மாதச் சந்தா கேட்கிறது. நாம் சொல்லாதவரை குறிச்சொற்களைத் தன் கேட்டலாக்கிலேயே வைத்துக்கொள்கிறது.

டிஜிகேம் இலவசம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். செட்டிங்ஸில் மெட்டாடேட்டா பக்கம் போய், குறிச்சொல், முகப்பெயர், தேதி ஆகியவற்றைக் கோப்பில் எழுதச் சொல்லி டிக் செய்யுங்கள். பிறகு ‘மாசிமகம்’ என்று தமிழில் குறித்தாலும் அது படத்துக்குள்ளேயே பதிந்துவிடும்.

வாட்ஸ்அப் அனுப்பும் படத்தில் எடுத்த தேதி அழிந்துவிடும். IMG-20240224-WA0012 போன்ற கோப்புப் பெயரிலிருந்து தேதியைப் பிடித்துப் படத்தில் எழுத டிஜிகேமில் வசதி உண்டு. ஆனால் அது வாட்ஸ்அப்பில் வந்த தேதி. பழைய படத்தை யாராவது பார்வர்ட் செய்திருந்தால் கையால்தான் திருத்தவேண்டும். ஸ்கேன் படங்களுக்கும் அதே கதை.

குறைகள்: மெனுக்கள் மிரட்டும். பழைய மங்கிய படங்களில் முகத்தை அடையாளம் காண்பதில் தடுமாறும். செல்போனுக்கு டிஜிகேம் கிடையாது.

1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. எந்த ஊர், எந்தக் கோயில் என்ற விவரம் கூடவே இருப்பதால்தான் அவை ஆய்வுக்கு உதவுகின்றன. வீட்டு ஆல்பத்துக்கும் அதே நியாயம்தான்.

தீர்ப்பு: மூலப் படங்களுக்கு டிஜிகேம், செல்போனில் புரட்டிப் பார்க்க கூகுள் போட்டோஸ். உப்புக்காற்று ஊரில் ஒரே ஹார்ட் டிஸ்க்கை நம்பாமல், இரண்டாவது பிரதியை வேறு வீட்டில் வையுங்கள்.