நேராப் போனா நம்பர் மாறும்

வேலை சென்னையில், வீடு விழுப்புரத்தில். இருபது வருஷமாக இந்த ரோட்டில்தான் போய் வருகிறேன். தாம்பரம், கூடுவாஞ்சேரி, செங்கல்பட்டு, மேல்மருவத்தூர், திண்டிவனம், கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி என்று ஊர் வரிசை தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் ரோட்டோட நம்பரைக் கேட்டபோது தப்பாகச் சொல்லிவிட்டேன்.

சில வருஷம் முன்பு, மழை பெய்த ஒரு ராத்திரி. கூட்டேரிப்பட்டு தாண்டி, எனக்கு முன்னால் போன பைக் சறுக்கி இரண்டு பேர் விழுந்துவிட்டார்கள். ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். "எந்த ரோடு சார்?" என்று கேட்டார்கள். "என்.எச். 45" என்றேன். "பக்கத்துல கல்லு ஏதாவது இருக்கா, பாருங்க." டார்ச் அடித்துப் பார்த்தால் மஞ்சள் தலை வைத்த கல்லில் 132 என்று இருந்தது. நான் குழம்பி இரண்டு நம்பரையும் சொல்ல, அவர்களும் குழம்ப, டீக்கடை அண்ணன் போனை வாங்கி, "கூட்டேரிப்பட்டு தாண்டி விழுப்புரம் போற சைடுண்ணே, பங்க் எதிர்ல" என்றார். அதற்குப் பிறகுதான் வண்டி வந்தது. இருவரையும் முண்டியம்பாக்கம் கொண்டுபோனார்கள், பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் வீணான அந்தச் சில நிமிஷம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. நான் சொன்ன 45 எங்கே போச்சு என்று தேட ஆரம்பித்தேன்.

2010இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் நாட்டிலுள்ள தேசிய நெடுஞ்சாலைகள் எல்லாவற்றுக்கும் புது எண் கொடுத்தது. பழைய முறையில் ஒழுங்கு குறைவு என்பது உண்மைதான். சென்னை–திருச்சி ரோடு 45. அதிலிருந்து கிளை பிரியப் பிரிய 45ஏ, 45பி, 45சி என்று எழுத்தை ஒட்டிக்கொண்டே போனார்கள். நம்பரைப் பார்த்து ரோடு எந்தத் திசையில் போகிறது என்று சொல்ல முடியாது.

புது முறையில் விதி இருக்கிறது. வடக்கு–தெற்காகப் போனால் இரட்டைப்படை எண், கிழக்கிலிருந்து மேற்கே போகப் போக எண் கூடும். கிழக்கு–மேற்காகப் போனால் ஒற்றைப்படை, வடக்கிலிருந்து தெற்கே வர வரக் கூடும். மூன்று இலக்கம் என்றால் கிளை. கடைசி இரண்டு இலக்கம் தாய்ச் சாலையைக் காட்டும். நம்ம பக்கம் பாருங்க: புதுச்சேரி, நாகப்பட்டினம் வழியாகக் கடலோரம் போவது 32. விக்கிரவாண்டியில் பிரிந்து கும்பகோணம், தஞ்சாவூர் போவது 36. திருவண்ணாமலை, விழுப்புரம், திருச்சி வழியாகத் தூத்துக்குடி போவது 38. கிழக்கிலிருந்து மேற்காக 32, 36, 38. ஒரு இன்ஜினியரா எனக்கு இது பிடிக்கத்தான் செய்கிறது. படத்தில் பார்க்க அழகு.

ரோட்டில் இறங்கிப் பார்த்தால்தான் சிக்கல். சென்னையிலிருந்து 32இல் வருகிறீர்கள். திண்டிவனத்தில் இடதுபக்கம் பிரிந்து புதுச்சேரிக்குப் போனால் நம்பர் மாறாது, அதே 32. பிரியாமல் நேராக விழுப்புரம் போனால் நம்பர் மாறிவிடும், 132. சுமார் 40 கிலோமீட்டர் தாண்டி விழுப்புரம் வந்ததும், அதே ரோட்டில் நேராகவே போனால் 38. திரும்புகிறவனுக்கு ஒரே நம்பர், நேராகப் போகிறவனுக்கு மூணு நம்பர்!

132 என்றால் 32இன் கிளை என்று அர்த்தம். சென்னையையும் தென் மாவட்டங்களையும் சேர்க்கிற தலைச்சாலையின் நடுத்துண்டுக்குக் 'கிளை' என்று பெயர் வைத்திருக்கிறோம். ஜி.எஸ்.டி ரோடு என்பதன் விரிவே கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. டிரங்க் என்றால் அடிமரம். அடிமரத்தை நடுவில் அறுத்து, ஒரு துண்டுக்கு மட்டும் கிளை என்று சீட்டு ஒட்டிய கதைதான் இது. விதி எங்கேயும் மீறப்படவில்லை. விதிப்படி செய்தே தப்பான விடை வந்திருக்கிறது.

இரண்டாவது தப்பு இன்னும் பெரிது. பழைய முறையில் திண்டிவனத்தில் 45ஐச் சந்தித்த இன்னொரு சாலை 66: புதுச்சேரியிலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரி போனது. இப்போது 66 என்றால் மும்பைப் பக்கம் பன்வேலில் ஆரம்பித்துக் கோவா, கேரளா வழியாகக் கன்னியாகுமரி வரும் மேற்குக் கரைச் சாலை. 45 மத்தியப் பிரதேசத்தில் ஜபல்பூர் வழியாகப் போகிறது. எங்கள் வேலையில் இப்படிச் செய்தால் சீனியர் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார். ஒரு பதிவின் எண்ணை ரத்து செய்யலாம். ஆனால் அதே எண்ணை வேறொரு பதிவுக்குக் கொடுக்கக் கூடாது. பழைய எண்ணோடு தேடி வருகிறவனுக்கு 'இல்லை' என்று பதில் வந்தால் பரவாயில்லை. அன்றைக்கு ராத்திரி நான் சொன்ன 45 புதுக் கணக்கில் ஜபல்பூர் ரோடு!

'இப்ப யாருங்க நம்பர் பாக்கறா, மேப் இருக்கே' என்று கேட்கலாம். நியாயம்தான். பஸ்ஸில் போகிறவருக்கு நம்பர் தேவையே இல்லை. தாம்பரம் பக்கம் அது ஜி.எஸ்.டி ரோடு, விழுப்புரத்துக்காரருக்குச் சென்னை ரோடு, திருச்சி ரோடு. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் அரசூரில் வெள்ளம் ரோட்டில் ஏறியபோது, செய்திகள் 'சென்னை–திருச்சி நெடுஞ்சாலை' என்றுதான் சொன்னன. எல்லோருக்கும் புரிந்தது.

ஆனால் அரசாங்கத்தின் கணக்கு நம்பரில் ஓடுகிறது. டெண்டர், நில எடுப்பு அறிவிப்பு, விபத்துப் பதிவு எல்லாவற்றிலும் சாலை எண் வரும். இந்த ரோட்டில் இருபது வருஷத்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்று ஒருவர் கணக்கெடுக்க நினைத்தால், பழையதை 45இலும் புதியதை 32, 132, 38 மூன்றிலும் தேடி, வேண்டிய கிலோமீட்டரை மட்டும் வெட்டி எடுத்துக் கூட்ட வேண்டும். அதனால்தான் பல ஆவணங்களில் இன்றும் 'பழைய எண் 45' என்று சேர்த்தே எழுதுகிறார்கள்.

தீர்வு கடினமானது இல்லை. சிகாகோ நகருக்குள் இன்டர்ஸ்டேட் 90, 94 இரண்டும் ஒரே சாலையில் ஓடுகின்றன. பலகையில் இரண்டு எண்ணும் இருக்கும். அதுபோல 38ஐ விழுப்புரத்திலிருந்து சென்னை வரை நீட்டி, திண்டிவனம் வரை 32, 38 இரண்டையும் போடலாம். வேலூர்–விழுப்புரம் சாலையைக் கிளை ஆக்கலாம். அதுவும் முடியாது என்றால், கிலோமீட்டர் கல்லில் எண்ணுக்குக் கீழே 'சென்னை–திருச்சி' என்று ஒரு வரி எழுதினால் போதும்.

நம்ம ஊரில் இதற்கு முன்மாதிரியே இருக்கிறது. தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்கள் சுமார் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. வழியின் பெயர், போய்ச்சேரும் இடம், எத்தனை காதம் என்று மூன்றும் அதில் உண்டு. 29 காதம் என்று சொல்லும் கல்லில், எழுத்தோடு பெரிய குழி இரண்டு, சின்னக் குழி ஒன்பது வெட்டியிருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவனும் தடவிப் பார்த்து எண்ணிக்கொள்ளலாம். அந்தக் கல்லை வெட்டச் சொன்னவர் இருட்டில் அதன் பக்கத்தில் வந்து நிற்கப்போகிறவனை நினைத்திருக்கிறார்.

அடுத்த முறை திண்டிவனம் தாண்டும்போது ஜன்னல் வழியாகக் கல்லைப் பாருங்கள். அதுவரைக்கும், யாருக்காவது ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டி வந்தால், நம்பரை விட்டுவிட்டு ஊர்ப் பேரையும் எந்தப் பக்கம் போற சைடு என்பதையும் முதலில் சொல்லுங்கள்.