கொல்லையில் கிடந்த பலாக்கட்டை யாழ் ஆனது

எங்கள் தென்னூர் வீட்டில் இப்போது ஏழு நரம்பு யாழ் ஒன்று இருக்கிறது. கடையில் வாங்கியதல்ல. கொல்லையில் உடைந்த ஓடுகளுக்குப் பக்கத்தில் கிடந்த பலாக்கட்டையும், கழித்துப் போட்ட கொய்யாக் கிளை ஒன்றும் சேர்ந்து யாழாகியிருக்கின்றன. செய்தவன் நான்! இதை எழுதும்போதே உடம்பு சிலிர்க்கிறது. என் கையால் செய்த எந்தப் பொருளும் எனக்கு இத்தனை சந்தோஷம் தந்ததில்லை.

இந்த ஆசையை மூட்டிவிட்டது பெரும்பாணாற்றுப்படை. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய நூல். அதில் மாடு ஆடு மேய்க்கும் இடையன் ஒருவன் வருகிறான். கொள்ளிக்கோலால் மூங்கிலில் துளையிட்டுக் குழல் செய்து ஊதுகிறான். அது சலித்ததும், உள்ளே புழையுள்ள குமிழங்கொம்பை எடுத்து வில்லாக்கி, மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டி, விரலால் தெறித்துக் குறிஞ்சிப்பண் வாசிக்கிறான். தங்கள் இனத்தின் குரல் என்று நினைத்து வண்டுகள் செவிகொடுத்துக் கேட்கின்றனவாம்! பட்டறை இல்லை, கூலி இல்லை. மேய்ச்சல் காட்டில் கைக்கு எட்டியதைக் கொண்டே ஒரு யாழ். சங்கப் பாட்டில் அரசவை யாழ்களுக்கு எத்தனையோ வர்ணனை உண்டு. ஆனால் எனக்கு இந்த இடையனின் யாழ்தான் எல்லாவற்றுக்கும் மேலே. குமிழ மரத்தை இன்றும் நம் பக்கத்து விவசாயிகள் நட்டு வளர்க்கிறார்கள். மரல் என்பது மருள்தான். வாசலில் தொட்டியில் அழகுக்கு வைக்கிறோமே, நீள நீளமாகக் கோடு போட்ட இலை, அந்தச் செடியின் உறவு.

அதிலும் தென்னூரில் உட்கார்ந்து யாழ் செய்வது தனிச் சுகம். நடக்கிற தூரத்தில் உறையூர். திருப்பாணாழ்வார் அவதரித்த ஊர் என்று வைணவ மரபு சொல்லும். பாணர் குலத்தவர் என்பதால் ஆற்றைக் கடந்து ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் போகாமல், காவிரியின் தென்கரையில் யாழும் கையுமாக நின்று அரங்கனைப் பாடியவர். பிறகு லோகசாரங்க முனிவர் அவரைத் தோளில் சுமந்துகொண்டு போய்ச் சந்நிதியில் விட்டார். அதே ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி உற்சவ இரவுகளில் நம்பெருமாள் மூலஸ்தானத்துக்குத் திரும்பும்போது இன்றும் வீணை வாசிக்கிறார்கள். நாள் முழுக்க இருந்த இரைச்சலுக்குப் பிறகு அந்த மெல்லிய தந்தி ஒலியைக் கேட்க வேண்டும். ஒருமுறையாவது போய்க் கேளுங்கள்.

சரி, மரத்துக்கு வருகிறேன். தஞ்சாவூர் வீணைக்குப் பலாதான். குடம், தண்டி எல்லாம் ஒரே மரத்தில் குடைந்தால் அது ஏகாண்ட வீணை. 2013இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பலா அதிகக் கனமில்லை, நன்றாகக் காய்ந்துவிட்டால் லேசில் கோணிக்கொள்ளாது, நாதத்தைப் பிடித்துக்கொள்ளும். புதிதாய் அறுத்தால் மஞ்சள் நிறம். வருஷம் போகப் போகச் செம்பழுப்பு. எங்கள் கட்டை ஒரு மழைக்காலக் காற்றில் முறிந்த கிளை. தாழ்வாரத்து ஓரமாகக் கிடந்து காய்ந்து போயிருந்தது. தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி அண்ணன் அதைத் தூக்கிப் பிடித்து, விரல் முட்டியால் நாலு இடத்தில் தட்டினார். "தம்பி, இத அடுப்புல வச்சா பாவம். உள்ள ஈரமே இல்ல, கணீர்னு பேசுது பாருங்க" என்றார். அந்த வார்த்தைக்கு அப்புறம் என்னை யாரும் நிறுத்த முடியவில்லை.

குடைவதில்தான் எத்தனை ஆனந்தம்! கொட்டாப்புளியால் உளியைத் தட்டத் தட்ட மஞ்சள் சீவல் சுருண்டு சுருண்டு விழும். பழுத்த பலாவின் வாசனை இல்லை, அதைவிட மென்மையான ஒரு மர வாசனை திண்ணை முழுக்க. விளிம்பில் நாலு நூல் கனமும் அடியில் மூன்று நூலும் விட்டேன். ஒவ்வொரு சுற்று சீவியதும் அடிப்புறத்தைத் தட்டிப் பார்ப்பேன். 'டக்' என்றிருந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 'டொம்' என்று நிறைந்து வரும். மரம் கருவியாக மாறுவதைக் காதால் கேட்கலாம் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

கழுத்துக்குக் கொய்யா. பம்பரத்துக்கும் கவட்டைக்கும் நாம் தேடித் திரிந்த அதே மரம், அத்தனை வைரம். இயல்பாகவே வளைந்த கிளை கிடைத்ததால் வளைக்கும் வேலையே இல்லை. இணைப்பை மட்டும் அலட்சியமாக விடக் கூடாது. ஏழு நரம்பும் சேர்ந்து கழுத்தை உள்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். அதனால் கழுந்தை ஆழமாக இறக்க வேண்டும்.

மேலே போர்த்த ஆட்டுத்தோல். மிருதங்கத்துக்கு மூட்டு அடிக்கிற ஒரு பெரியவர் மிச்சத் துண்டு ஒன்றைக் கொடுத்தார். தண்ணீரில் ஊறப்போட்டு, இழுத்துக் கட்டி, நிழலில் காயவைத்தேன். கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் யாழை அங்கம் அங்கமாக வர்ணிக்கிறார். பத்தர், அதாவது குடைந்த குடம், மானின் குளம்படி போல இருக்குமாம். இழுத்துப் போர்த்த தோல் விளக்குச் சுடரின் நிறமாம். காய்ந்த தோலை மாலை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். அதே நிறம்! உறையூர்ச் சோழனைப் பாடிய ஒரு புலவர் பார்த்த நிறத்தை, பக்கத்துத் தெருக்காரன் நான் என் திண்ணையில் பார்க்கிறேன். இதற்கு மேல் என்ன வேண்டும்?

பழைய யாழில் வீணை போலப் பிருடை கிடையாது. கழுத்தைச் சுற்றிக் கட்டும் வார்தான், அதற்குத் திவவு என்று பெயர். நம் வில்யாழின் உறவான பர்மாவின் சௌங் இன்றும் உயிரோடிருக்கிறது. படாக் மரம், மான்தோல், கழுத்தைச் சுற்றிச் சிவப்புப் பருத்திக் கயிறு, பதினாறு நரம்பு. நானும் பருத்திக் கயிறே கட்டினேன். முறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். நரம்புக்குத் தூண்டில் நரம்பு, கீழ் ஸ்வரங்களுக்குத் தடித்தது, மேலே போகப் போக மெல்லியது. நைலான் முதலில் இழுபடும், சுருதி நிற்காது. சில நாள் விடாமல் கூட்டிக்கொண்டே இருந்தால் பிறகு பிடித்து நிற்கும்.

ச ரி க ப த, மேலே ச ரி. மோகனம்! முல்லைத் தீம்பாணி என்று இசை அறிஞர்கள் சொல்வது இதைத்தான். ஐந்து ஸ்வரமும் ஒன்றுக்கொன்று இணக்கம் என்பதால் விரல் எங்கே பட்டாலும் இனிமைதான். சங்கீதம் படிக்காத எங்கள் வீட்டுக் குழந்தைகள்கூட உட்கார்ந்து மீட்டுகிறார்கள். வீணையின் நீண்ட கார்வை இதில் இல்லை. உருண்டையாக, இளஞ்சூடாக ஒரு சொட்டு ஒலி, அடுத்த சொட்டுக்கு இடம்விட்டு விலகிவிடும். எனக்கு அது போதும், போதுமென்றால் அவ்வளவு போதும்.

இந்தக் கருவியை நூலிலிருந்து மீட்டுத் தந்தவர் ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். அவருடைய 'யாழ்நூல்' 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். இன்று சென்னையில் 'உரு' பட்டறையின் தருண் சேகர் யாழ்களைச் செய்து மேடைக்கே கொண்டுவந்துவிட்டார். விலை கொடுத்து வாங்க முடிந்தவர்கள் அவசியம் வாங்குங்கள். முடியாதவர்களுக்கு இடையன் வழி திறந்தே இருக்கிறது.

ஆகவே ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் கொல்லையில் பலாவோ குமிழோ விழுந்தால் மொத்தத்தையும் விறகுக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். முழங்கை நீளத்துக்கு ஒரு துண்டை அறுத்து, இரண்டு முனையிலும் மெழுகு பூசி, மழை படாத நிழலில் போட்டு வையுங்கள். அது காய்வதற்குள் ஓர் உளி வாங்கிவிடலாம்.