இன்னொரு கலிலியோ, இன்னொரு பெண்

‘ஸ்டார் ட்ரெக்’ முதல் தொடரில் எண்டர்பிரைஸ் என்ற பெரிய விண்கப்பலோடு வரும் சிறிய ஓடம் கலிலியோ. 1967 ஜனவரியில் ஒளிபரப்பான ‘தி கலிலியோ செவன்’ அத்தியாயத்தில் ஏழு பேர் அதில் போகிறார்கள். ஒரே பெண், மியர்ஸ். ஓடம் ஒரு கிரகத்தில் விழுகிறது. எடை குறைந்தால்தான் மேலெழும்ப முடியும் என்ற நிலையில், யாரை விட்டுப்போவது என்று ஆண்கள் மோதிக்கொள்கிறார்கள். மியர்ஸுக்கு வசனம் கொஞ்சம்தான். பிழைத்தவர்கள் கப்பல் சேர்கிறார்கள், கலிலியோ எரிந்துபோகிறது.

அதே ஆண்டு நவம்பரில், ‘மெட்டமார்ஃபசிஸ்’ அத்தியாயத்தில், கலிலியோ மறுபடி பறக்கிறது. எரிந்தது எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. தொலைக்காட்சியில் இது சகஜம். ஓடத்தோடு அந்தச் சகஜம் நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

இம்முறை பயணி நான்சி ஹெட்ஃபர்ட். ஒரு கிரகத்தில் மூளவிருக்கும் போரைத் தடுக்கச் சென்ற ஆணையர். நோய் கண்டதால் சிகிச்சைக்காகக் கப்பலுக்கு அழைத்துப்போகிறார்கள். குணமானதும் வேலைக்குத் திரும்பவேண்டும். எரிச்சலோடு அவசரப்படுத்துகிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அங்கேதான். கதைக்கோ அந்த எரிச்சல் ஒரு குறை.

மேகம் போன்ற ஓர் உயிர் ஓடத்தை வழிமறித்து இழுத்துப்போகிறது. ஒன்றரை நூற்றாண்டாகத் தனித்திருக்கும் காக்ரேன் என்ற விஞ்ஞானிக்குத் துணை வேண்டுமாம். மொழிபெயர்ப்புக் கருவி அந்த மேகத்துக்குப் பெண்குரல் தருகிறது. ஆண், பெண் என்பது பிரபஞ்சமெங்கும் மாறாத ஒன்று என்கிறார் கேப்டன் கிர்க். பெண் என்று தெரிந்த உடனே மேகத்தின் பராமரிப்பு காதலாகிவிடுகிறது! ஹெட்ஃபர்ட் காய்ச்சலில் கிடந்து, தன்னை யாரும் நேசித்ததில்லை என்று அழுகிறார். போரை நிறுத்தப் புறப்பட்டவருக்குச் சாகும் நேரத்தில் வருந்த வேறெதுவும் இல்லையா? அந்தப் போரைப் பற்றிய கவலைகூடவா?

கடைசியில் மேகம் அவர் உடலுக்குள் புகுகிறது. நோய் போய்விடுகிறது. அதற்காக மேகம் தன் சாகாவரத்தை இழக்கிறது. அந்தக் காட்சி அழகுதான், மறுக்கவில்லை. ‘பிழைத்துக்கொண்டாரே’ என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் ஹெட்ஃபர்டிடம் சம்மதம் கேட்டதை நாம் பார்ப்பதில்லை. பிறகு அந்த வாய் பேசும்போது ‘நாங்கள்’ என்றே பேசுகிறது. அந்த ‘நாங்க’ளில் ஆணையர் எவ்வளவு மிச்சம்?

காக்ரேனோடு அவர் அங்கேயே தங்கிவிடுகிறார். கலிலியோ மூன்று ஆண்களோடு கிளம்பவிருக்கிறது. போர் என்னாவது என்று மருத்துவர் மெக்காய் கேட்கிறார். அதை நிறுத்த இன்னொரு பெண் எங்காவது கிடைப்பார் என்கிறார் கிர்க், லேசாக. அத்தியாயம் அத்துடன் முடிகிறது.