ஆர்வலர் கருத்தும் திறனாய்வும்: ‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’ வீடியோ விளையாட்டை முன்வைத்து ஒரு பார்வை

முன்னுரை

வீடியோ விளையாட்டுகளில் ஈடுபாடு கொண்டோர் தாம் ஆடியவற்றைப் பற்றி ஓயாது கருத்துரைப்பவர்கள். எந்தக் கருவி ஆற்றல் மிக்கது, எந்த விளையாட்டு திரைப்படத்திற்கு நிகரானது, எதன் இசை உள்ளத்தைத் தொட்டது என்பன அவர்தம் உரையாடலில் மீண்டும் மீண்டும் எழும் வினாக்களாகும். இக்கருத்துகளுக்குப் பின்னால் நீண்டநாள் பழக்கமும் கூர்மையான கவனிப்பும் உள்ளன. ஆயினும், அவை பெரும்பாலும் விருப்பு வெறுப்பு என்ற அளவிலேயே நின்றுவிடுகின்றன. இலக்கியத்தையும் திரைப்படத்தையும் திறனாயும் கல்வியாளர்களோ இத்துறையைச் சிறுவர் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுகின்றனர்.

இவ்வாறு ஒதுக்குவதற்கு வலுவான வாதம் ஒன்றும் உண்டு. அமெரிக்கத் திரைப்படத் திறனாய்வாளர் ராஜர் ஈபர்ட் 2005ஆம் ஆண்டில் அதனை முன்வைத்தார். திரைப்படத்தையும் இலக்கியத்தையும் படைப்பாளரின் கட்டுப்பாடே உருவாக்குகிறது. வீடியோ விளையாட்டோ தன் இயல்பிலேயே ஆடுபவரின் தெரிவுகளை நம்பி நிற்கிறது. ஆகவே அது கலையின் உயரத்தை எட்டாது என்பது அவர் கருத்தின் சாரம். 2010 ஏப்ரலில் இதனை மேலும் அழுத்தமாக எழுதினார். அவ்வாண்டு ஜூலையில், விளையாட்டுகளை ஆடிப்பார்க்காமல் அக்கருத்தை வெளியிட்டிருக்கக் கூடாது என்று அவரே எழுதினார். எனினும், அவர் எழுப்பிய வினா விடைபெறாமலேயே நிற்கிறது. தெரிவு ஆடுபவருடையது எனில், படைப்பாளரின் பார்வை எங்கே நிலைபெறுகிறது?

ஆடுபவர் தம் கையால் செய்யும் செயலில்தான் அது நிலைபெறுகிறது என்பது எமது கருத்து. ஒரு விளையாட்டு ஆடுபவரை எதைச் செய்யவைக்கிறது, அச்செயலின் பொருளை அவருக்கு எவ்வாறு உணர்த்துகிறது என்பவற்றைக் கொண்டே அதனை அளத்தல் வேண்டும். கருவி, திரைப்படம், இசை ஆகியன பற்றி ஆர்வலர் கூறும் கருத்துகளை இவ்வளவுகோலின் முன் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. அதற்கு ஃபுமிதோ உவெடா இயக்கத்தில் சோனி நிறுவனம் 2005ஆம் ஆண்டில் பிளேஸ்டேஷன் 2 கருவிக்கென வெளியிட்ட ‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’ சான்றாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

கதையும் செயலும்

வாண்டர் என்னும் இளைஞன் இறந்துபோன மோனோ என்னும் பெண்ணின் உடலைக் குதிரையில் ஏற்றிக்கொண்டு, மனிதர் செல்லக்கூடாத நிலப்பகுதி ஒன்றை அடைகிறான். அங்குள்ள கோயிலில் டோர்மின் என்னும் உருவமற்ற குரல் அவனிடம் பேசுகிறது. அந்நிலத்தில் வாழும் பதினாறு பேருருவங்களையும் கொன்றால் அவளை மீண்டும் உயிர்ப்பிக்க வழியுண்டு என்றும், அதற்கு அவன் தரவேண்டிய விலை பெரிதாக இருக்கலாம் என்றும் கூறுகிறது. அவன் தயங்கவில்லை. கதை இவ்வளவே.

பிற விளையாட்டுகளில் காணப்படும் சிறு பகைவர்களோ ஊர்களோ கடைகளோ இதில் இல்லை. அக்ரோ என்னும் குதிரையும், ஒரு வாளும், ஒரு வில்லும் மட்டுமே துணை. வாளை வெயிலில் உயர்த்தினால் அதன் ஒளி குவிந்து அடுத்த பேருருவம் இருக்கும் திசையைக் காட்டும். நெடுந்தொலைவு பயணம் செய்து அதனைக் கண்டடைந்து, அதன் உடல்மேல் ஏறி, குறிப்பிட்ட இடங்களில் வாளைப் பாய்ச்ச வேண்டும்.

ஏறும் முறை ஈண்டு கவனத்திற்குரியது. பேருருவத்தின் மயிரைப் பற்றிக்கொள்ள, ஆடுபவர் கைக்கருவியின் பொத்தான் ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விரலை எடுத்தால் வாண்டர் விழுவான். பிடிக்கும் வலிமையைக் காட்டும் வட்டம் திரையில் சுருங்கிக்கொண்டே வரும். வாளை ஓங்குவதற்கு ஒருமுறையும், பாய்ச்சுவதற்கு மறுமுறையும் பொத்தானை அழுத்த வேண்டும். ஓங்குவதற்கும் பாய்ச்சுவதற்கும் இடையில் ஒரு சிறு பொழுது இருக்கிறது. கீழே அவ்வுயிர் உடலை உலுக்கித் துடித்துக்கொண்டிருக்க, அப்பொழுதை ஆடுபவரே முடித்துவைக்கிறார்.

பேருருவங்கள் எல்லாம் கொடியவையாகவும் படைக்கப்படவில்லை. ஏரியின் மேல் வாழும் ஐந்தாவது பேருருவமாகிய பறவை, அம்பு எய்து சீண்டும்வரை அமர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. மணல்வெளியில் பறந்து திரியும் பதின்மூன்றாவது பேருருவம் இறுதிவரை வாண்டரைத் தாக்குவதே இல்லை. அதனை வீழ்த்த ஆடுபவர் அதன் காற்றுப்பைகளை அம்பால் துளைத்து, குதிரையில் துரத்திச் சென்று ஏற வேண்டும். ஒவ்வொன்றும் வீழ்ந்தபின் அதன் உடலிலிருந்து கரிய இழைகள் புறப்பட்டு வாண்டரின் உடலுக்குள் பாய்கின்றன. கொலைகள் கூடக்கூட அவன் தோற்றம் சிறிது சிறிதாகச் சிதைகிறது. இதனை யாரும் சொல்லி விளக்குவதில்லை. ஆடுபவர் தாமே கண்டுகொள்ள விடப்படுகிறார்.

ஈபர்ட்டின் வினாவுக்கு இங்கு விடை கிடைக்கிறது. இவ்விளையாட்டில் கதையின் போக்கை மாற்றும் தெரிவு எதுவும் ஆடுபவருக்கு இல்லை. தொடர்வது அல்லது நிறுத்துவது என்பதொன்றே அவர் கையில் உள்ளது. படைப்பாளரின் கட்டுப்பாடு ஒரு நாவலில் உள்ள அளவுக்கு இதிலும் முழுமையாக இருக்கிறது. ஆயினும், நாவலின் வாசகர் பாத்திரத்தின் குற்றத்தைப் படித்தறிகிறார். இங்கு ஆடுபவர் அக்குற்றத்தைச் செய்துமுடிக்கிறார்.

கருவியின் ஆற்றல் என்னும் அளவுகோல்

புதிய கருவியில் வரும் விளையாட்டே சிறந்தது என்பது ஆர்வலரிடையே பரவலாகக் காணப்படும் கருத்து. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 2 கருவியின் முதன்மை நினைவகம் 32 மெகாபைட் மட்டுமே. பேருருவங்களின் அளவும் அவற்றின் அசைவும் அக்கருவியின் எல்லையைச் சோதித்தன. காட்சிகள் பல இடங்களில் தடுமாறி ஓடின. 2011ஆம் ஆண்டில் பிளேஸ்டேஷன் 3 கருவிக்கு வந்த பதிப்பு இத்தடுமாற்றத்தைக் குறைத்தது. 2018இல் புளூபாயிண்ட் நிறுவனம் பிளேஸ்டேஷன் 4 கருவிக்கென அனைத்துக் காட்சிகளையும் புதிதாக வரைந்து வெளியிட்டது. புல்லும் மயிரும் ஒளியும் முன்னில்லாத தெளிவைப் பெற்றன. இவ்வகையில் ஆர்வலர் கூற்றில் உண்மை இருப்பதை மறுப்பதற்கில்லை.

எனினும், 2018ஆம் ஆண்டுப் பதிப்பு வேறொன்றையும் செய்தது. நிலப்பகுதியெங்கும் 79 நாணயங்களை மறைத்துவைத்து, அனைத்தையும் திரட்டுவோருக்குப் பரிசாக ஒரு வாளையும் வைத்தது. ஆர்வலர் பலர் இதனை வரவேற்றனர். மூலப் பதிப்பில் அந்நிலத்தின் வெறுமைக்குப் பொருள் இருந்தது. கொல்லச் செல்லும் வழியில் செய்வதற்கு எதுவுமில்லாததால், செய்யப்போவதைப் பற்றி எண்ணுவதைத் தவிர ஆடுபவருக்கு வேறு வழி இல்லை. நாணயம் தேடுவோர்க்கு அவ்வெறுமை ஒரு தேடுகளமாக மாறிவிடுகிறது. நாணயங்களைத் தேடியே ஆகவேண்டிய கட்டாயமில்லை என்பது உண்மையே. ஆயினும், கருவி வளர்ந்த அளவுக்குப் படைப்பும் வளர்ந்தது என்று முடிவுகட்ட இயலாது என்பதற்கு இதுவொரு தக்க சான்றாகும்.

திரைப்படம் என்னும் அளவுகோல்

ஒரு விளையாட்டைப் பாராட்ட விரும்பும் ஆர்வலர், ‘திரைப்படம் போலவே இருக்கிறது’ என்று கூறுவதுண்டு. இப்பாராட்டு எதனைப் பாராட்டுகிறது என்பதை ஆராய, ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ உதவும். 2013இல் பிளேஸ்டேஷன் 3 கருவிக்கு வந்த இவ்விளையாட்டு, 2023இல் எச்.பி.ஓ. நிறுவனத்தின் தொலைக்காட்சித் தொடராக வெளிவந்தது. கதை ஒன்றே. குஸ்தாவோ சாந்தாவோலாயாவின் இசையும் இரண்டிலும் ஒலிக்கிறது.

கதையின் இறுதியில் ஜோயல், எல்லி என்னும் சிறுமியைக் காப்பாற்ற மருத்துவமனைக்குள் புகுந்து பலரைக் கொல்கிறான். கொடிய தொற்றுக்கு மருந்து காணும் முயற்சியில், அவள் உயிரைப் பறிக்கக்கூடிய அறுவைக்கு ஆயத்தமாக நின்ற மருத்துவரும் அவர்களுள் ஒருவர். தொடரில் நாம் அதனைப் பார்க்கிறோம். அவன்மீது தீர்ப்புக் கூறும் தொலைவு நமக்கு இருக்கிறது. விளையாட்டில் மருத்துவரை வீழ்த்தாமல் கதை நகராது. ஆடுபவர் ஜோயலை வெறுத்தாலும் பொத்தானை அழுத்தியாக வேண்டும். ஒரே கதையும் ஒரே இசையும் இருந்தும் அனுபவம் வேறுபடுகிறது. அவ்வேறுபாட்டைத் ‘திரைப்படம் போல’ என்னும் பாராட்டு கணக்கில் கொள்வதே இல்லை.

திரைப்படம் இவ்வேறுபாட்டைப் புரிந்துகொண்ட இடமும் உண்டு. மைக் பைண்டர் இயக்கிய ‘ரெயின் ஓவர் மீ’ (2007) திரைப்படத்தில், 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் மனைவியையும் மகள்களையும் இழந்த ஒருவனாக ஆடம் சாண்ட்லர் நடித்தார். துயரத்தைச் சொல்ல இயலாத அம்மனிதன் வீட்டில் அமர்ந்து ஆடுவது ‘ஷேடோ ஆஃப் தி கொலோசஸ்’. இறந்தவளை மீட்கப் போராடும் வாண்டரின் கதையும், உயர்ந்து நின்றவை சரிந்து வீழும் காட்சியும் அவன் வாழ்வோடு பொருந்துவதை விளக்கத் தேவையில்லை. அவன் அதனைப் பார்த்து அழுவதாகக் காட்டாமல், ஓயாது ஆடுவதாகக் காட்டியதே அத்திரைப்படத்தின் நுட்பம் எனலாம்.

இசையும் மெய்ப்பாடும்

இவ்விளையாட்டின் இசையமைப்பாளர் கோ ஓதானி, 1990களில் ‘கமேரா’ திரைப்பட வரிசைக்கு இசையமைத்தவர். அவ்விசை தனிப்பட வெளியிடப்பட்டு ஆர்வலரின் பெரும் பாராட்டைப் பெற்றது. ஆனால், அதனைத் தனியே கேட்டுச் சுவைப்போருக்கு அதன் பாதி மட்டுமே கிட்டுகிறது என்போம். பயணத்தின்போது இசை இல்லை. காற்றும் குளம்பொலியுமே கேட்கின்றன. பேருருவம் எதிர்ப்பட்டதும் அச்சந்தரும் இசை தொடங்குகிறது. ஆடுபவர் அதன்மேல் ஏறியபின் இசை வீறுகொண்டு எழுகிறது. அது வீழ்ந்தவுடன் வெற்றி முழக்கத்தை எதிர்பார்க்கும் செவிகளில் இரங்கல் இசை ஒலிக்கிறது.

இம்மாற்றத்தைச் சுட்டத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் சொற்கள் நமக்குக் கைகொடுக்கின்றன. அச்சமும், தறுகண்மையில் பிறக்கும் பெருமிதமும், இழவில் பிறக்கும் அழுகையும் ஒரே போரில் அடுத்தடுத்து எழுகின்றன. பெருமிதத்தை எழுப்பிய அதே செயல்தான் அழுகைக்கும் காரணமாகிறது. மேலும், இசை மாறும் தருணத்தை ஆடுபவரின் செயலே முடிவுசெய்கிறது. திரையரங்கில் இசை பார்வையாளரை அழைத்துச் செல்கிறது. இங்கு ஆடுபவர் தாம் எழுப்பிய இசைக்குத் தாமே பொறுப்பாளராகிறார். பதினாறு முறையும் இது நிகழ்வதால், பெருமித இசை கேட்கும்போதே பின்வரும் இரங்கலும் நினைவுக்கு வந்துவிடுகிறது.

குறைகள்

இப்படைப்பு குறைகள் அற்றதன்று. பேருருவத்தின் மேல் இருக்கும்போது காட்சிக்கோணம் அடிக்கடி மறைக்கப்பட்டு ஆடுபவரைத் தடுமாறச் செய்கிறது. இதனைக் கலைநோக்கம் எனச் சிலர் நியாயப்படுத்துவதை ஏற்பதற்கில்லை. மோனோ ஏறத்தாழக் கதை முழுவதும் கிடத்தப்பட்ட உடலாகவே இருக்கிறாள். அவள் மீண்டு எழ விரும்பினாளா என்னும் வினாவைக் கதை எழுப்பவே இல்லை.

இவற்றினும் கடுமையான குறையொன்றைச் சிலர் சுட்டுவர். வேறு வழியே தராமல் கொல்லச் செய்துவிட்டு, பின்னர் ஆடுபவரைக் குற்றவுணர்வு கொள்ளச் செய்வது நேர்மையா என்பது அவ்வினா. இது புறந்தள்ளத்தக்கதன்று. இறுதிக் காட்சி இதற்கு ஓரளவு விடை தருகிறது. கோயிலின் நீர்நிலையை நோக்கி வீசும் பெருங்காற்று வாண்டரை இழுத்துச் செல்கிறது. அப்போதும் விளையாட்டு ஆடுபவரின் கையிலேயே இருக்கிறது. அவர் ஓடலாம், படிகளைப் பற்றிக்கொண்டு தொங்கலாம். எவ்வளவு முயன்றாலும் வெளியேற இயலாது. பயனில்லை என அறிந்தும் பிடியை விட மனம் வராத அந்நிலையில், இறந்தவளை விட மனமின்றிப் புறப்பட்ட வாண்டரின் பிடிவாதத்தை ஆடுபவர் தம் விரலிலேயே உணர்கிறார். கண்டனத்தைக் காட்டிலும் புரிதலையே இம்முடிவு நாடுகிறது எனலாம்.

முடிவுரை

கருவியின் ஆற்றல், திரைப்படச் சாயல், இசையின் இனிமை ஆகிய மூன்றும் ஆர்வலர் கைக்கொள்ளும் அளவுகோல்கள். அவை பயனற்றவை அல்ல. ஆயினும், ஆடுபவரின் செயலோடு இணைத்துப் பார்க்கும்போதுதான் அவை திறனாய்வாக மலர்கின்றன என்பதை மேற்கண்ட சான்றுகள் உணர்த்துகின்றன.

தமிழாசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு பொறுப்பு உண்டு. நம் மாணவர் பலர் இவ்விளையாட்டுகளைப் பல மணிநேரம் ஆடுகின்றனர். அவற்றால் நெகிழ்ந்தும் போகின்றனர். அந்நெகிழ்ச்சியைப் பற்றி ஆங்கிலத்தில் மட்டுமே பேச முடியும் என்ற நிலை ஏற்பட்டால், தமிழ் அவர்களுக்குத் தேர்வுத்தாளின் மொழியாகச் சுருங்கிவிடும். ‘நல்ல விளையாட்டு’ என்று கூறும் மாணவரிடம், அதில் நீ என்ன செய்தாய், செய்தபோது என்ன உணர்ந்தாய், அவ்வுணர்வை எழுப்பியது எது என மூன்று வினாக்களை எழுப்பி, விடையைத் தமிழில் எழுதச் சொல்லலாம். அவ்விடைகளைத் திருத்த ஆசிரியர் அவ்விளையாட்டைச் சிறிதேனும் ஆடிப்பார்த்திருத்தல் வேண்டும். ஈபர்ட் காலங்கடந்து உணர்ந்த தேவை அதுவே. மெய்ப்பாட்டை வகைப்படுத்திச் சொற்களைத் தந்த மரபு நம்முடையது. அச்சொற்களைப் புதிய கலையொன்றின் முன் வைத்துப் பார்க்கும் முயற்சி நம் வகுப்பறைகளில் தொடங்கப்படுதல் வேண்டும்.