சொந்த உலகும் இரவல் உலகும்: பாத்திரமேற்று ஆடும் கணினி விளையாட்டுக்கள் பற்றி ஒரு நோக்கு

கணினி விளையாட்டுக்களை விமரிசனத்துக்குரிய பொருளாகக் கொள்வது நம்மிடையே இன்னும் வழக்கமாகவில்லை. ஆயினும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடிக் குடியிருப்புக்களில் வளரும் நம் பிள்ளைகளிற் சிலரேனும் நீண்ட கதையொன்றை முதன்முதலாகச் சந்திப்பது நாவலில் அன்று, இவ்விளையாட்டுக்களிலேயாம். ஆதலின் அக்கதையுலகங்கள் எவருடைய கற்பனையில் விளைந்தன, இன்று எவருடைய உடைமையாக உள்ளன எனக் கேட்பது பொருத்தமானதே.

பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுக்கள் இருவகை உலகங்களில் நிகழ்கின்றன. 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்', நண்பர்கள் மேசையைச் சுற்றியிருந்து பகடையுருட்டி ஆடுவது. அதற்கென ஆக்கப்பட்ட உலகங்களை உரிமம் பெற்றுப் பயன்படுத்துவது ஒருவகை. பயோவெயார் நிறுவனத்தின் 'பால்டர்ஸ் கேற்' (1998) இதற்கு எடுத்துக்காட்டு. தமக்கென ஓர் உலகைப் புதிதாகப் படைத்துக்கொள்வது மற்றையது; அதே நிறுவனத்தின் 'ட்ராகன் ஏஜ்' (2009) இவ்வகையினது. முன்னையது இரவல், பின்னையதே உண்மையான படைப்பு என்பாருளர்.

இது நமக்கு உடன்பாடன்று. 'பிளேன்ஸ்கேப்: டோர்மென்ற்' (1999) உரிமம் பெற்ற உலகிலேயே நிகழ்கிறது. எனினும், சாகவியலாது நினைவிழந்த ஒருவன் தான் முன்னர் இழைத்தவற்றைத் தேடிச் செல்லும் அக்கதையின் ஆழம் சுயமான உலகங்கள் பலவற்றுக்குக் கிட்டவில்லை. தழுவலாற் கலை தாழ்வதில்லை என்பதை நமது மேடை முன்னரே காட்டியுள்ளது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1964இல் மேடையேற்றிய 'இராவணேசன்' கூத்து, இராமாயண உலகினை இராவணன் பக்கம் நின்று நோக்கிற்று. மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டத்தை (1968) அடுத்து வந்த என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை', முருகன் கதையையே சாதிக்கொடுமைக்கு எதிராகத் திருப்பியது. கோயில் வாசலை மறித்து நின்றோரால் அக்கதையை மறிக்க முடியவில்லை.

வேறுபாடு இங்கேதான் உள்ளது. முருகன் கதைக்கு உரிமம் வழங்குவார் எவருமிலர். 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' உலகமோ 1999 முதல் ஹஸ்ப்ரோ என்னும் விளையாட்டுப் பொருள் நிறுவனத்தின் சொத்து. வாடகை வீட்டின் சுவரை இடிப்பதாயின் உரிமையாளரைக் கேட்டாக வேண்டும்.

சொந்த வீடு கட்டியோர் நிலை மட்டும் மேலானதா? 'ட்ராகன் ஏஜ்' வெளிவருமுன்பே பயோவெயார் இலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸின் கைக்குப் போய்விட்டது. ஒப்சிடியன் நிறுவனம் தன் புத்துலகுக்கு ஆட்டக்காரரிடமே ஏறத்தாழ 40 இலட்சம் டொலரை முன்கூட்டித் திரட்டி 'பில்லர்ஸ் ஒவ் இற்றேர்னிற்றி'யை (2015) ஆக்கியது. 2018இல் மைக்ரோசொப்ட் அந்நிறுவனத்தையே வாங்கியது. இவற்றினும் நம்மைக் கூடுதலாக உறுத்துவது எஸ்தோனியரின் 'டிஸ்கோ எலிசியம்' (2019). ரொபேட் குர்விற்ஸ் நண்பர்களோடு மேசையாட்டமாக வளர்த்து, 2013இல் நாவலாகவும் எழுதிய உலகம் அது. விருது மேடையிலே மார்க்ஸுக்கும் எங்கெல்ஸுக்கும் நன்றி கூறியவர்கள் அதனை ஆக்கியோர்! அவரும் சகாக்கள் இருவரும் நிறுவனத்தை விட்டு நீங்க நேர்ந்தமை 2022இல் வெளியாயிற்று. காரணம் குறித்து இருதரப்பாரும் வேறுவேறு கூறினர். உலகம் நிறுவனத்திடமே தங்கிற்று.

2023 ஜனவரியில் ஹஸ்ப்ரோவின் கிளை நிறுவனம், பிறர் தன் ஆட்ட விதிகளைப் பயன்படுத்த 2000ஆம் ஆண்டு முதல் அளித்துவந்த பொது அனுமதியை இறுக்க முயன்றது. ஆட்டக்காரர் கொதித்தெழுந்து சந்தாக்களை நிறுத்தினர். அம்மாதம் முடியுமுன்பே நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதிகளைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டது. விதிகளை மட்டுமே. கொட்டாஞ்சேனை இளைஞர் ஒருவர் அவ்விதிகளைக் கொண்டு கொழும்புத் துறைமுகத்தைக் களமாக்கி ஓர் ஆட்டம் ஆக்குவாராயின், மூலத்தைக் குறிப்பிட்டாற் போதும். எவருக்கும் பணங்கட்ட வேண்டியதில்லை. பால்டர்ஸ் கேற் நகரின் ஒரு தெருவையேனும் அதிற் சேர்க்க அவருக்கு உரிமையில்லை.